சிஸ்டர் கல்யாணசுந்தரம்

கறுப்புப் பட்டை, வெள்ளை எழுத்து, பின்னால் ஓர் ஊசி. மற்றவர்களின் பட்டைகளில் பெயருக்கு இரண்டு பக்கமும் காலியிடம் இருந்தது. சிஸ்டர் லீ, சிஸ்டர் ஹால், சிஸ்டர் வைபுலு. ராகவியின் பட்டையில் இடமே இல்லை. ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்து, இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரத்தில் இடித்துக்கொண்டு நின்றது: சிஸ்டர் கல்யாணசுந்தரம். அதன் கீழே சபையின் பெயர். அதில் இயேசு கிறிஸ்து என்பது மட்டும் பெரிதாக.

ராகவி என்ற பெயர் அதில் எங்கேயும் இல்லை.

பயிற்சி மையத்தில் அதை எடுத்து நீட்டிய பெண்மணி, "எவ்வளவு அழகான குடும்பப் பெயர்!" என்றார். அது குடும்பப் பெயர் இல்லை, அப்பா ஒருவருடைய பெயர் என்று சொல்ல ராகவிக்கு வாய் வரவில்லை. வரிசையில் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். வாங்கிக் குத்திக்கொண்டாள். இப்படி நடக்காது என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

அப்பா கல்யாணசுந்தரம் கோயம்புத்தூரில், சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று சொல்கிற வேலை. கையில் மைக். "திருச்சி, திருச்சி, கரூர் வழி திருச்சி கிளம்புது." ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவையாவது ஊர்களின் பெயரைக் கூப்பிடுவார். அவர் பெயரை யாரும் கூப்பிட்டு ராகவி கேட்டதில்லை. ஓட்டுநர்களுக்கு அவர் டி.கே., அதாவது டைம் கீப்பர். பயணிகளுக்கு சார். அம்மாவுக்கு ஏனுங்க. அதற்கு முன்பு நடத்துநராக இருந்த பதினெட்டு வருஷமும் அவருடைய காக்கிச் சட்டையில் குத்தியிருந்த வில்லையில் ஓர் எண்தான் இருந்தது.

அம்மா கலா ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள். ராகவிக்குப் பதினொரு வயதானபோது, கடைத் தோழி ஒருத்தியோடு போய், ஊரார் மோர்மன் சபை என்று சொல்கிற சபையில் சேர்ந்தாள். மகளையும் சேர்த்தாள். கையெழுத்துக் கேட்ட இடத்தில் அப்பா போட்டுக்கொடுத்தார். அவருக்கு மருதமலை முருகன். கிருத்திகை தவறாமல் படியேறுவார். அவரவர் வழியில் அவரவர் போய் வந்தார்கள். வீட்டில் அதைப் பற்றிச் சத்தம் வந்ததே இல்லை.

அந்தச் சபையில் வளரும் பிள்ளைகள் இருபதை ஒட்டிய வயதில், சம்பளமில்லாமல், சபை கை காட்டும் ஊருக்குப் போய் ஊழியம் செய்வார்கள். பையன்களுக்கு இரண்டு வருஷம். பெண்களுக்கு ஒன்றரை. ராகவிக்குச் சிட்னி என்று கடிதம் வந்தது. பீளமேடு விமான நிலைய வாசலில், பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அப்பா சொன்னார்:

"போறதுன்னா போ கண்ணு. வேண்டாம்னு சொல்லல. என்ற பேரை மட்டும் ஒவ்வொரு ஊட்டு வாசலுக்கும் கொண்டுபோகாதே. பஸ் ஸ்டாண்டுல நோட்டீஸ் குடுக்க வர்றவங்களை நானே எத்தனையோ பேரைத் தொரத்தியிருக்கறேன். எனக்குத் தெரியும். கதவைச் சாத்தறவன் என்ற பேரு மேல சாத்த வேண்டாம்."

"இல்லீங்ப்பா. அங்க என்னை ராகவின்னுதான் கூப்பிடுவாங்க."

நம்பித்தான் சொன்னாள். கோவைச் சபையில் அவள் சிஸ்டர் ராகவிதான். பாஸ்போர்ட் எடுத்தபோது, "சர்நேம் காலியா இருந்தா விசாவுல இழுத்தடிப்பாங்க" என்று ஏஜென்ட் சொல்லி அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரை நிரப்பியதை அவள் மறந்தே போயிருந்தாள். பாஸ்போர்ட்டில் இருந்தது சபையின் விண்ணப்பத்துக்குப் போனது. விண்ணப்பத்தில் இருந்தது பட்டைக்கு வந்தது.

ஏப்ரலில் சிட்னியில் வந்து இறங்கினாள்.

ஊழியக்காரர்களின் நாள் கடிகாரத்தோடு கட்டப்பட்டது. காலை ஆறரைக்கு எழ வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி, பிறகு படிப்பு, பத்து மணிக்குத் தெருவில் இருக்க வேண்டும். இரவு பத்தரைக்கு விளக்கு அணைய வேண்டும். சினிமா இல்லை, காதல் இல்லை, டீ இல்லை, காபி இல்லை. திங்கட்கிழமை மட்டும் துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டுக்குப் போன் பேச. எப்போதும் இரண்டு பேர். குளியலறை தவிர வேறெங்கும் ஒருத்தி கண்ணிலிருந்து இன்னொருத்தி மறையக் கூடாது. ஒருத்தரையொருத்தர் பட்டையில் உள்ள பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

ராகவியின் ஜோடி சிஸ்டர் வைபுலு. பசிபிக் கடலில் டோங்கா நாட்டின் ஒரு சின்னத் தீவிலிருந்து வந்தவள். ஆறடி உயரம். சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். மூன்றாவது நாளே ராகவியின் ரகசியத்தைக் கறந்துவிட்டாள். அன்று முதல் அவள் அகராதியில் அந்தப் பட்டைக்குப் பெயர் 'அப்பா'. தினமும் காலையில் கதவைப் பூட்டும்போது கேட்பாள்: "அப்பாவை எடுத்துக்கொண்டாயா?" மாலையில் கணக்குச் சொல்வாள்: "இன்றைக்கு உன் அப்பாவை ஒரு நாய் துரத்தியது. ஒரு மக்பைப் பறவை கொத்தப் பார்த்தது. ஒரு தாத்தா அவருக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தார். மோசமில்லை."

சிட்னியின் மேற்குப் புறநகர்கள்: டூங்கபி, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில். நடந்தார்கள். சிங்காநல்லூர்க்காரிக்கு முதல் வாரம் பிடிபடாதது ஆளே இல்லாத தெருக்கள்தான். ஓட்டு வீடுகள், வெட்டிய புல், கார்கள், மனிதர் ஒருவரும் இல்லை. அத்தனை பெரிய வானத்தை அவள் பார்த்ததில்லை. கோவையில் வானம் கட்டடங்களுக்கு இடையில் கிடைக்கிற துண்டு. இங்கே வீடுகள்தான் வானத்துக்கு அடியில் கிடந்த துண்டுகள். மாலை ஐந்து மணிக்கு நூறு வெள்ளைக் காக்கட்டூக் கிளிகள் கத்திக்கொண்டு தலைக்கு மேல் போகும். அவை போய் முடியும் வரை நடுத்தெருவில் நின்று பார்ப்பாள். "வா, பேருந்து போய்விடும்" என்று சிஸ்டர் வைபுலு கையைப் பிடித்து இழுக்க வேண்டும்.

ஆனால் அவளை மெய்மறக்க வைத்தது கதவுகள். மணியை அழுத்துகிறோம். உள்ளே காலடிச் சத்தம். அடுத்த நொடி முன்பின் தெரியாத ஒரு முழு வாழ்க்கை கதவைத் திறந்துகொண்டு நிற்கிறது. சோப்பு நுரைக் கையோடு, அழுகிற குழந்தையோடு, ஒரு பக்கம் மழித்த முகத்தோடு. பெரும்பாலும் அடுத்த நொடியே மூடிக்கொண்டும் விடுகிறது. மூடுவதற்கு முன்னால் அந்தக் கண்கள் பட்டைக்கு வரும். "சிஸ்டர் கல்... கல்யா..." பாதியில் விட்டுவிட்டு, "மன்னிக்கணும், வேண்டாம்."

ஒவ்வொரு முறையும் அவளுக்குச் சுருக்கென்றது. அப்பா சொன்னபடியேதான் நடந்தது. அவள் முகத்தின் மேல் மூடினாலும் பரவாயில்லை. மூடப்பட்டது என்னவோ அவர் பெயரின் மேல்.

திங்கட்கிழமை வீடியோவில் பேசும்போது பட்டையைக் கழற்றி வைத்துவிடுவாள். அம்மாவுக்கு விஷயம் தெரியும். மகள் அனுப்பும் படங்களை அப்பாவிடம் காட்டும்போது அம்மா கட்டை விரலைப் பட்டை மேல் வைத்துக்கொள்வாள். "ஏம்மா, எல்லாப் படத்துலயும் உன்ற வெரலும் இருக்குது" என்று அவர் ஒரு தடவை கேட்டாராம். அவர் போனுக்கு முன்னால் வருவதில்லை. அம்மாவின் தோளுக்குப் பின்னால் ஒரு முழங்கையும் தினத்தாளின் ஓரமும் தெரியும். ஏழு மாதமாக அப்பாவில் அவள் பார்த்தது அந்த முழங்கை மட்டும்தான். ஊழியத்தில் அவருக்கு விருப்பமில்லை என்பதை அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் துணிந்து, ஊழியக்காரர்களை மேற்பார்வையிடும் தலைவரின் மனைவியிடம் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள், "இதையா இத்தனை நாள் சுமந்தாய்? சிஸ்டர் ராகவி என்றே புதிதாகச் செய்து தருவார்கள்" என்றார். நவம்பர் கடைசியில் வரும். அது வந்ததும் குத்திக்கொண்டு அப்பா முன்னால் உட்காரலாம். இந்த ஏழு மாதத்தைப் பற்றி அவருக்குத் தெரியவே வேண்டாம். அதுதான் அவள் போட்ட திட்டம்.

ஆனால் இதற்கிடையில் அந்தப் பெயருக்கு வேறு என்னென்னவோ நடந்துகொண்டிருந்தது.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகிற சபையில் பெரும்பாலோர் டோங்காக்காரர்கள். அங்கே பிஷப் மோவாலாவுக்கு அங்கியும் இல்லை, சம்பளமும் இல்லை. வார நாட்களில் லாரி ஓட்டுகிற மனிதர். முதல் ஞாயிறன்று மேடையில் நின்று, தடுமாறாமல், பதினைந்து எழுத்தையும் சொல்லி அவளை வரவேற்றார். அவர்கள் ஊரில் நீளமான பெயர் புதிதல்ல. பிறகு பாடினார்கள். முந்நூறு பேர். புத்தகத்தைப் பார்க்கவில்லை. ஆண்கள் ஒரு குரலில், பெண்கள் இன்னொரு குரலில், கிழவர்கள் எல்லாருக்கும் அடியில் ஓடுகிற ஒரு குரலில். மரப் பெஞ்சு அதிர்வது ராகவியின் முதுகில் தெரிந்தது. வாயைத் திறந்தவள் பாட மறந்து அப்படியே நின்றாள். முடிந்ததும் கை குலுக்க வரிசையில் வந்தார்கள். ஒவ்வொருவரும் முழுப் பெயரையும் சொன்னார்கள். அப்பாவின் பெயரை இத்தனை பேர் ஒரே நாளில் சொல்லி அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

செப்டம்பரில் டூங்கபியில், செங்கல் அடுக்குமாடி ஒன்றின் இரண்டாவது மாடியில், சிவனேஸ்வரி அன்ரி கதவைத் திறந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தனியாக இருந்தார். கண்ணாடியைத் தூக்கிப் பட்டையைப் படித்தார்.

"பிள்ளை தமிழோ?"

"ஆமாங்க ஆன்ட்டி."

"கல்யாணசுந்தரம். ஏன் ஆம்பிளைப் பேரைக் குத்திக்கொண்டு திரியுறீர்?"

"அப்பா பேருங்க."

அன்ரி கீழ் வரியையும் படித்தார். குலுங்கிச் சிரித்தார். "அது சிவபெருமான்ர பேர் எல்லோ! மேல சிவன், கீழ யேசு. ரெண்டு பேரையும் ஒரே ஊசியில கொழுவி வச்சிருக்கிறீர். வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ. சமயம் மட்டும் கதைக்கப்படாது, சொல்லிப்போட்டன். அந்தக் கதிரையில இருங்கோ. தேத்தண்ணி போடுறன்."

"டீ குடிக்க மாட்டோம்ங்க ஆன்ட்டி. சபைக் கட்டுப்பாடு."

"தேத்தண்ணி குடிக்க விடாத சமயமோ? பிறகென்னத்துக்கு அதில சேர்ந்தனீர்?" குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. "சரி, மைலோ கரைக்கிறன். அதுக்கும் தடையெண்டா வெளியில போங்கோ."

பாலில் கரைக்கும் சாக்லேட் பொடியான மைலோவுக்குத் தடை இல்லை. சிஸ்டர் வைபுலு இரண்டு கோப்பை குடித்தாள், ஐந்து ரோல்ஸ் தின்றாள். ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாமல் அன்ரியின் மனதைப் பிடித்துவிட்டாள்.

"கொப்பா என்ன சொல்லுறார், தன்ர பேர் இப்பிடித் தெருத் தெருவாத் திரியிறதுக்கு?"

ராகவி தயங்கினாள். "அவருக்குத் தெரியாதுங்க ஆன்ட்டி."

"தெரியாதோ?" அன்ரி கையைத் தட்டினார். "அப்ப மனுசனைக் கள்ளமாக் கொண்டந்திருக்கிறீர்! விசாவும் இல்லை, ஒண்டுமில்லை, டூங்கபி வரைக்கும் வந்திட்டார்."

அதன் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மைலோ. அன்ரி அவளை ராகவி என்று கூப்பிட்டதே இல்லை. "என்ன கல்யாணசுந்தரம், இண்டைக்கு எத்தினை பேர் கதவைச் சாத்திக் கலைச்சவை?" சமயம் பேசவும் விடவில்லை. அதைப் பற்றி ராகவிக்கு வருத்தம் இருந்தது. ஆனால் ஒரு வீட்டில் உட்காரக் கதிரை கிடைப்பதே பெரிது என்று ஏழு மாதத்தில் கால்கள் சொல்லிக்கொடுத்திருந்தன.

நவம்பரில் ஜகரண்டா மரங்கள் பூத்தன. ஒரு தெரு முழுக்க, இலையே தெரியாமல், கத்தரிப்பூ நிறம். அந்த வாரச் சனிக்கிழமை அன்ரியின் வீட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அன்ரி உட்கார்ந்திருந்தார். மூட்டு வலியால் மாடி ஏற முடியாமல், பெண்டில் ஹில்லில் தரைத்தள வீடு ஒன்று பார்த்திருந்தார். திங்கட்கிழமை மூன்று மணிக்குள் இந்த வீட்டுச் சாவியைக் கொடுத்தாக வேண்டும். சாமான் ஏற்ற வருவதாகச் சொன்ன வண்டிக்காரன் கைவிரித்துவிட்டான். மெல்பேர்னில் இருக்கும் மகன் சுஜீதனுக்கு வியாழன் வரை விடுப்பு இல்லை.

சிஸ்டர் வைபுலு பிஷப்புக்குப் போன் போட்டாள். எத்தனை பேர் வேண்டும் என்று அவர் கேட்டார். மூன்று பேர் கிடைப்பார்களா என்று ராகவி கேட்டாள். மறுமுனையில் சிரிப்புச் சத்தம்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் பதினொரு ஆண்கள் வந்து இறங்கினார்கள். இரண்டு லாரிகள். இரவு வேலை முடித்து வீட்டுக்கே போகாமல் வந்தவர்கள் மூன்று பேர். கார் நிறுத்துமிடத்தில் தொப்பியைக் கழற்றி, ஒரு நிமிடம் தலை குனிந்து ஜெபம் செய்தார்கள். பிறகு படியேறினார்கள். ராகவி பார்த்துக்கொண்டே நின்றாள். ஒருவன் குளிர்சாதனப் பெட்டியை ஒரு பட்டைத் துணியால் முதுகோடு கட்டிக்கொண்டு, பள்ளிப் பையை மாட்டியவன் போலப் படியிறங்கினான். கட்டில் போனது. கிரைண்டர் போனது. நாலு பேர் தூக்க வேண்டிய அலுமாரியை இரண்டு பேர், நேற்றைய ரக்பி ஆட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே கொண்டுபோனார்கள்.

அன்ரி மேல் படியில் கதிரை போட்டு உட்கார்ந்து ஆணையிட்டார். அவர் ஆங்கிலத்தை அந்த ஆட்கள் புரிந்துகொள்ளவில்லை, அவர்கள் ஆங்கிலத்தை அவர் புரிந்துகொள்ளவில்லை. எதற்கும் ஒரே குரல்: "கல்யாணசுந்தரம்!" ராகவி ஓடிவந்து மொழிபெயர்ப்பாள். பத்து மணிக்குள் ஆட்கள் முறையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்ரி மேலே கூப்பிட்டால் முதல் திருப்பத்தில் நிற்பவன் அதையே கூப்பிடுவான், அடுத்த திருப்பத்தில் இன்னொருவன், கீழே லாரியில் மற்றொருவன். அவள் எந்தத் தளத்தில் இருந்தாலும் பெயர் வந்து சேரும்.

கடைசியாகச் சாமிப் படங்கள் மிஞ்சின. அவற்றை யாரும் தொடக் கூடாது, தானே கொண்டுபோவேன் என்று அன்ரி எழுந்தார். இரண்டு படி இறங்குவதற்குள் முழங்கால் மடங்கியது. பிஷப் மோவாலா ஓடிவந்து தாங்கினார். "நான் எடுக்கலாமா? என்ன செய்ய வேண்டும் என்று சொல்லச் சொல்" என்றார் ராகவியிடம்.

அன்ரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "சப்பாத்தைக் கழட்டச் சொல்லும். கை கழுவச் சொல்லும்."

நூற்றிருபது கிலோ மனிதர் குனிந்து, வேலைக்குப் போடும் பெரிய பூட்ஸைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். குசினித் தொட்டியில் முழங்கை வரைக்கும் கழுவினார். சிவனும் பார்வதியும் இருக்கிற பெரிய படத்தை, பிறந்த குழந்தையை வாங்குவதைப் போல இரண்டு கையிலும் வாங்கினார். வெறுங்காலோடு ஒவ்வொரு படியாக இறங்கினார். திருப்பங்களில் நின்ற ஆட்கள் பேச்சை நிறுத்திச் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள். யாரும் சொல்லவில்லை. ஒருவன் தொப்பியை எடுத்தான். அந்தச் செங்கல் படிக்கட்டில் அவருடைய பாதங்கள் படும் சத்தம் மட்டும் கேட்டது. ராகவிக்குக் கை மயிர் நட்டுக்கொண்டது. இதை அப்பா பார்க்க வேண்டும் என்று நினைத்தாள்.

மணி ஒன்று. பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. கோவையில் காலை ஏழரை. அம்மா.

முதல் திருப்பத்தில் சுவரோடு சாய்ந்து எடுத்தாள். திரையில் அம்மா, பின்னால் முழங்கை, தினத்தாள். அப்பாவுக்கு மதிய ஷிப்ட்.

"என்ன சாமி, மூச்சு வாங்குது?"

"ஒரு ஆன்ட்டிக்கு வீடு மாத்தறோம்மா. இப்பத்தான் முடியப்போகுது..."

"கல்யாணசுந்தரம்!" மேலிருந்து அன்ரி. "அந்தச் சாமிப் படக் கண்ணாடி கவனம்!"

"கல்யாணசுந்தரம்!" பக்கத்தில் நின்றவன் வாங்கிச் சொன்னான். "கல்யாணசுந்தரம்!" அடுத்த திருப்பம். "கல்யாணசுந்தரம்!" லாரிக்குள்ளிருந்து, எல்லாவற்றிலும் தடித்த குரல்.

"ஆங்? யாரு?"

தினத்தாள் சரிந்தது. முழங்கை எழுந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு அப்பாவின் முகம் திரை முழுக்க வந்து நின்றது. மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருந்தது. "யாரு என்னைக் கூப்பிடறது?"

அம்மா கல்லாகிவிட்டாள். ராகவியின் கை தன்னால் பட்டைக்கு மேல் போனது.

"உங்களை இல்லீங்ப்பா. என்னைத்தான்."

"என்ற பேரைச் சொல்லியா?"

"ஆமாங்ப்பா."

"கையை எடு. கிட்டக் காட்டு."

கையை எடுத்தாள். போனைப் பட்டைக்கு அருகில் பிடித்தாள். நடத்துநர் டிக்கெட் எண்ணைச் சரிபார்ப்பது போல அவர் ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பது கேட்டது. பதினைந்து எழுத்தும் முடிந்தன.

"வாக்குக் குடுத்துட்டுப் போனியே கண்ணு."

"ஆமாங்ப்பா. பாஸ்போர்ட்டுல இருந்தது அப்படியே வந்துருச்சு. ஆனா ஏழு மாசம் மறைச்சது நானுங்க. தப்புதான். வேற பட்டைக்குச் சொல்லியாச்சு. இந்த மாசக் கடைசியில வந்துரும்."

அந்த நேரம் பார்த்துத்தான் பிஷப் மோவாலா படியேறி வந்தார். வெறுங்கால், முகமெல்லாம் வியர்வை. திரையை எட்டிப் பார்த்தார். "இவர்தானா? இவர்தான் அந்தக் கல்யாணசுந்தரமா?" படிக்கட்டைப் பார்த்துத் தன் மொழியில் ஏதோ கத்தினார். ஒரு நொடியில் ஏழெட்டுத் தலைகள் போனுக்கு முன்னால் முட்டிக்கொண்டன. "பிரதர் கல்யாணசுந்தரம்!" எல்லாரும் கை ஆட்டினார்கள்.

அப்பாவின் கை பாதி எழும்பியது. வண்டியை எடுக்கச் சொல்லி ஓட்டுநருக்குக் காட்டுகிற அதே கை. பாதியிலேயே நின்றது. "டியூட்டிக்கு நேரமாச்சு" என்றார். திரையிலிருந்து போய்விட்டார். மதிய ஷிப்டுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.

"மனுசன் ஏசினவரோ?" மேல் படியிலிருந்து அன்ரி கேட்டார்.

"இல்லீங்க ஆன்ட்டி. ஒண்ணுமே சொல்லல."

"அது ஏச்சிலும் பார்க்க மோசம்" என்றார் அன்ரி. பிறகு, "எனக்குத் தெரிஞ்சிருந்தா வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பன் பிள்ளை" என்றார். அன்றைக்குத்தான் அவர் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்தது.

வியாழக்கிழமை ஒரு சின்ன உறை வந்தது. உள்ளே புதுப் பட்டை. சிஸ்டர் ராகவி. பெயருக்கு இரண்டு பக்கமும் நிறையக் காலியிடம். மேசை இழுப்பறையில் வைத்தாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாற்ற மனம் வரவில்லை. மாற்றாமல் போகவும் முடியவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு, பழையதையே குத்திக்கொண்டு போனாள். வாசல்களில் நிற்கும்போது கை தானாக அதன் மேல் போய் மறைத்தது. சிஸ்டர் வைபுலு அந்த மூன்று காலையும் எதுவும் கேட்காமல் கதவைப் பூட்டினாள்.

திங்கட்கிழமை பட்டையைக் கழற்றாமல் போன் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் அம்மா. பின்னால் முழங்கை. தினத்தாள்.

"வாரம் பூராவும் மனுசன் என்கிட்டக்கூடப் பேசல" என்று அம்மா உதட்டை அசைத்தாள்.

ராகவி புதுப் பட்டையைத் தூக்கிக் காட்டினாள். "அப்பா. புதுசு வந்துருச்சு. ராகவின்னு போட்டிருக்குது. மாத்திக்கறேனுங்ப்பா."

தினத்தாள் ஒரு பக்கம் புரண்டது. வெளியே ஏதோ ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போவது கோவையிலிருந்து சிட்னி வரைக்கும் கேட்டது.

"அந்தப் பெரிய ஆளு," என்றது குரல், "செருப்பில்லாம நின்னாரே. அவரு என்ன வேலை பாக்கறாரு?"

"லாரி ஓட்டறாருங்ப்பா."

"டிரைவரா?"

"ஆமாங்ப்பா."

தினத்தாள் மெதுவாக மடிந்தது. "முப்பத்தோரு வருசத்துல டிரைவர் எவனும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல."

சமையலறை வாசலில் நின்ற சிஸ்டர் வைபுலு, ஒரு சொல்லும் புரியாமலே, ஈரத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

நாற்காலி நகரும் சத்தம். முகம் வந்தது. மூக்குக் கண்ணாடி இப்போது மூக்கின் மேல் இருந்தது. அவர் புதுப் பட்டையைப் பார்க்கவில்லை. அவள் நெஞ்சைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"கோணலா இருக்குது. நீளப் பேரு, ஒத்த ஊசியில நிக்காது. இடது பக்கம் தூக்கு."

ராகவி இழுப்பறையைத் திறந்து புதியதை உள்ளே போட்டாள். பழையதன் இடது பக்கத்தைத் தூக்கினாள்.

"இன்னும். இன்னும் கொஞ்சம்... ஆங், நிறுத்து." அப்பாவின் கை முழுதாக எழுந்தது. "போலாம், ரைட்!"